மோ கிவானின் இடப்பக்கம்

மோ கிவான் எங்கள் கிளப்புக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. காரணம் ஒரு பை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ஜிப் வைத்த கறுப்புப் பை. சாப்பிட உட்கார்ந்தால் மடியில் இருக்கும். குளிக்கப் போனால் துண்டுக்குள் சுருண்டிருக்கும். என் மசாஜ் மேஜையில் குப்புறப் படுத்தால் வயிற்றுக்கடியில் இருக்கும். முப்பது ஆண்பிள்ளைகள் ஒரே கட்டடத்தில் தங்கி, ஒருத்தன் காலுறையை இன்னொருத்தன் மாட்டிக்கொண்டு ஓடுகிற இடம் எங்கள் விடுதி. அங்கே ஒருவன் ஒன்றை இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தால் எல்லார் பார்வையும் அங்கேதான் போகும்.

நான் பாங் மிரான். கிழக்குக் கடற்கரையில் கங்போ என்கிற துறைமுக ஊர். அந்த ஊரின் இரண்டாம் பிரிவுக் கால்பந்து அணிக்கு நான் பதினான்கு வருஷமாக பிசியோ. பையன்கள் என்னை அக்கா என்பார்கள். சந்தேகப்படுவது என் பிறவிக் குணம் இல்லை. கிவான் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால் எங்கள் அணியில் இரண்டு பேரை விடுதி வாசலிலேயே வைத்துப் போலீஸார் அழைத்துப் போனார்கள். சூதாட்டக்காரர்களிடம் கைநீட்டி ஆட்டத்தைத் தோற்றுக்கொடுத்தவர்கள். அதில் ஒருவன் அதற்கு முந்தின வாரம்தான் தொடைத்தசை பிடித்துக்கொண்டது என்று என்னிடம் வந்து படுத்திருந்தான். கை வைத்ததுமே எனக்குத் தெரிந்தது, அந்தத் தசையில் ஒன்றுமே இல்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்து ஒரு கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன். பிறகு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஏழு மணி நேரம் என்னை உட்கார வைத்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அதற்கப்புறம் எங்கள் விடுதியே மாறிவிட்டது. ஆட்டத்துக்கு முந்தின நாள் எல்லாருடைய ஃபோனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். மாதம் ஒருமுறை அறைத்தோழனை மாற்றினார்கள். கழிப்பறைக் கதவில்கூடப் புகார் எண் ஒட்டியிருந்தது. முன்பெல்லாம் ஒருத்தன் பந்தைக் கோட்டைவிட்டால் "கால்ல வெண்ணெய் தடவியிருக்கியாடா?" என்று நாலு பேர் கத்துவார்கள். இப்போது யாரும் கத்துவதில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் இருபது வயசுக் கிவான் வந்து சேர்ந்தான். உள்நாட்டில் மலையடிவாரத்து ஊர்க்காரன். அப்பா இல்லை; அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான். ஆறடி இரண்டங்குல உயரம், நீளமான கழுத்து, எப்போது பார்த்தாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் கை. எங்கள் மொழியில் மோகி என்றால் கொசு. மோ கிவான் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தவனை விடுவார்களா? முதல் நாளே கொசு ஆகிவிட்டான். பெயருக்கு ஏற்றபடி ஆடவும் செய்தான். எதிரணி ஃபார்வர்டின் முதுகுக்குப் பின்னாலேயே மொய்த்துக்கொண்டு நிற்பான். அவன் திரும்பினால் இவனும் திரும்புவான். பந்து வந்து சேரும்போது இவன் கால்தான் முன்னால் இருக்கும்.

மார்ச்சில் சீசன் தொடங்கியது. ஆட்டங்கள் மதியம் இரண்டு மணிக்கு. மே மாத முடிவுக்குள் கிவான் பதினொரு ஆட்டம் ஆடியிருந்தான். எங்கள் பின்வரிசை விட்டது ஏழே கோல். உள்ளூர் மீன் ஏலக்கடைக்காரர்கள்கூட அவன் பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் கோச் யோம், யாரையும் புகழ்ந்து பழக்கமில்லாத மனுஷர், ஒருநாள் சூப்பை உறிஞ்சிக்கொண்டே "கொசு நல்லாத்தான் கடிக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு நான் கேட்டதில்லை.

பின்வரிசையின் நடுவில் அவனோடு ஜோடியாக ஆடியவர் கேப்டன் குவாக் தேசூ. முப்பத்து மூன்று வயசு. மூன்று வருஷம் முன்னால் பிடிபட்ட இருவரில் ஒருவன் குவாக்கின் நெருங்கிய நண்பன். அவன் கல்யாணத்தில் இவர்தான் மாப்பிள்ளைத் தோழன். அதிலிருந்து அவர் யாரோடும் அதிகம் ஒட்டுவதில்லை. என்னிடம் கணுக்காலுக்குக் கட்டுப் போட வரும்போது மட்டும் மனசில் இருப்பது வெளியே வரும்.

"அக்கா, அந்தக் கொசு ஒரு மாதிரியா இல்ல?"

"என்ன மாதிரி?"

"வந்த ரெண்டாம் வாரமே கோச்சுகிட்டப் போய், எனக்கு இடதுபக்கம் குடுங்கன்னு கேட்டிருக்கான். அது என் இடம். தெரிஞ்சுதான கேக்குறான்?"

"சின்னப் பையன். எந்தப் பக்கம் பழக்கமோ."

"அதுவும் இல்ல. நேத்து பயிற்சி முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் புல்லுல மண்டி போட்டு எதையோ தடவிட்டு இருந்தான். என்னடா தேடுறேன்னா, ஒண்ணுமில்லண்ணேங்குறான். ஒண்ணுமில்லாததை அரைமணி நேரமாவா தேடுவான்?"

நான் பையைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதையும் மனசுக்குள் அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் வந்தது. வெயிலுக்காக ஆட்டங்களை மாலை ஏழு மணிக்கு மாற்றினார்கள். முதல் ஃப்ளட்லைட் ஆட்டத்திலேயே அது நடந்தது. எங்கள் இடதுபுறத்திலிருந்து உயரமாக ஒரு நீளப் பந்து வந்தது. கிவான் நிதானமாகப் பின்னால் நகர்ந்தான், குதித்தான். பந்து அவன் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. பின்னால் நின்ற ஃபார்வர்டுக்கு அல்வா மாதிரி கோல். மதிய ஆட்டத்தில் அதே பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவன் அவன். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு நொடி தாமதமாகக் காலை நீட்டி பெனால்டி கொடுத்தான். நான்காவது ஆட்டத்தில், கடைசி ஐந்து நிமிஷத்தில், வெளியே தட்டிவிட வேண்டிய கிராஸைத் தலையின் ஓரத்தில் வாங்கி எங்கள் வலைக்குள்ளேயே போட்டான். சேம் சைடு கோல். எங்கள் கோல்கீப்பர் அசையக்கூட இல்லை. திரும்பிக் கிவானையே பார்த்தபடி நின்றான்.

அன்று கேலரியில் ஒரு பெரிய வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தார்கள். 'மறுபடியும் வித்துட்டீங்களா?' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது.

கிவான் மாறிப்போனான். சாப்பாட்டு அறையில் கடைசி மேஜையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். முன்பு இரண்டு கிண்ணம் சோறு சாப்பிடுகிறவன் காய்ந்த மீன் சூப்பை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனான். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தூக்கிவாரிப் போட்டதுபோலத் திரும்பினான். குற்றம் செய்தவன் இப்படித்தான் இருப்பான் என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பனிக்கட்டி வாங்க மீன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். பின்பக்கக் கார் நிறுத்துமிடத்தில் கிவான் ஒரு சாம்பல் நிறக் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடியெல்லாம் கறுப்பு. உள்ளேயிருந்து கூலிங் கிளாஸ் போட்ட ஒரு ஆள் கையை நீட்டி, சின்ன வெள்ளைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தான். கிவான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை அந்தக் கறுப்புப் பைக்குள் போட்டான். கார் போய்விட்டது.

மாலை அவன் மேஜைக்கு வந்து படுத்தபோது சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"மதியம் மார்க்கெட் பக்கம் வந்திருந்தியா?"

முதுகுத் தசை கல்லாக இறுகியதை என் கட்டைவிரலே உணர்ந்தது.

"இல்லக்கா... ஆமா, சும்மா நடந்தேன்."

"யாரோ கார்ல பேசிட்டிருந்தியே?"

"வழி கேட்டாங்க."

பதினான்கு வருஷமாகத் தசைகளோடு குடும்பம் நடத்துகிறவள் நான். வாய் பொய் சொல்லும், முதுகு சொல்லாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு செவ்வாயில் வேண்டுமென்றே மார்க்கெட்டுக்குப் போய் மீன் கூடைகளுக்குப் பின்னால் நின்றேன். அதே கார். அதே ஆள். அதே வெள்ளைப் பொட்டலம்.

 அன்று முழுக்க, அரசு வழக்கறிஞர் அலுவலகத்து ஏழு மணி நேரமும் அந்த நாற்காலியும்தான் கண்முன் வந்தன. மறுநாள் காலை கோச் யோமின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலையும் சாத்தினார்.

"பாங் அம்மா, இதை வேற யார்கிட்டயும் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. மறுபடியும் ஒரு தடவை இந்த ஊரு தாங்காது."

அன்று மாலையே கிவானைக் கூப்பிட்டார்கள். கோச், கிளப் மேலாளர், கேப்டன் குவாக் மூவரும் இருந்தார்கள். என்னையும் சாட்சி மாதிரி மூலையில் நிற்க வைத்தார்கள். மருத்துவப் பொறுப்பாளர் என்று காரணம் சொன்னார்கள். பையைத் திறந்து காட்டு என்றார் கோச்.

"மாட்டேன் சார்."

"ஏன்?"

"அது என் சொந்தப் பொருள்."

"கார்ல வர்ற ஆளு யாரு?"

கிவான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். குவாக் பொறுமை இழந்தார். "டேய், எனக்கும் ஒரு நண்பன் இருந்தான். அவனும் இப்படித்தான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே இருந்தான். இன்னிக்கு அவன் பேரைச் சொல்லவே என் பொண்டாட்டி பயப்படுறா. தப்பு பண்ணிட்டியா, சொல்லித் தொலை!"

"நான் ஆட்டத்தை விக்கல அண்ணே." குரல் நடுங்கவில்லை. "அதை மட்டும் சொல்றேன். விசாரிங்க. என் ஃபோன், பேங்க் எல்லாத்தையும் பாருங்க. ஒண்ணும் கிடைக்காது. பையை மட்டும் திறக்க மாட்டேன்."

சட்டப்படி அவன் பையை யாரும் பிடுங்க முடியாது. அணியிலிருந்து நிறுத்திவைத்து, லீக்கின் விசாரணைக் குழுவுக்கு எழுதிப் போட்டார்கள். விசாரணை முடியும்வரை விடுதியை விட்டுப் போகக்கூடாது என்றார்கள். அவனுடைய அறைத்தோழன் அன்றே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டான்.

ஆட முடியாவிட்டாலும் கிவான் தினமும் தனியாக மைதானத்தைச் சுற்றி ஓடினான். ஒன்பதாம் நாள் கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு என் அறைக்கு வந்தான். வேலைதானே என்று படுக்க வைத்தேன். ஐஸ் பையை எடுத்து அவன் இடதுபக்கமாக நீட்டி, "புடி, நீயே வச்சுக்கோ" என்றேன்.

அவன் கையை நீட்டினான். விரல்கள் ஐஸ் பைக்கு நாலு விரல்கடை தள்ளி, வெறும் காற்றைப் பிடித்து மூடின.

நான் பார்த்துவிட்டதை அவனும் பார்த்துவிட்டான். சட்டென்று தலையை முழுதாகத் திருப்பி, சரியாகப் பிடுங்கிக்கொண்டான். "கவனிக்கல அக்கா."

நான் ஒரு துண்டை எடுத்து அவன் வலது கண்ணின் மேல் அழுத்தினேன்.

"அக்கா, வேணாம்."

"இது எத்தனை விரலு?"

"வேணாம்னு சொல்றேன்ல."

"எத்தனை?"

நான் காட்டியது இரண்டு. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். "நாலு... இல்ல, அஞ்சா?"

நான் துண்டை எடுத்தேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிறகு சுவரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்திலேயே ஆரம்பித்ததாம். இடது கண்ணின் கருவிழி கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. பகலில் சமாளிக்கலாம். ஃப்ளட்லைட் போட்டால் ஒரு விளக்கு பத்து விளக்காகும். பந்துக்கு வால் முளைக்கும். நிஜப் பந்து எது, நிழல் எது என்று தெரியாது. தேகு நகரத்தில் அவனுடைய தாய்மாமா மூக்குக்கண்ணாடிப் பட்டறை வைத்திருக்கிறார். கெட்டியான சின்ன லென்ஸ் ஒன்றைப் போட்டால் ஓரளவு தெரியும். ஆனால் தலையால் முட்டினால் அது தெறித்து விழுந்துவிடும். புல்லில் மண்டிபோட்டுத் தேடியது அதைத்தான். கோச்சிடம் இடதுபக்கம் கேட்டதும் இதனால்தான்; அங்கே நின்றால் ஆட்டத்தின் பெரும்பகுதி நல்ல கண்ணின் பக்கம் இருக்கும். தொலையத் தொலைய மாமாதான் அந்தச் சாம்பல் நிறக் காரில் புது லென்ஸ் கொண்டு வருவார். கடற்கரைக் கடைகளுக்குச் சரக்குப் போட அவர் வருவது செவ்வாய்க்கிழமைதான்.

"மருத்துவச் சோதனையில எப்படிடா தேறின?"

"எனக்கு முன்னாடி அஞ்சு பேரு வரிசையில நின்னு கத்திக் கத்திப் படிச்சாங்க. அந்தக் கண் பரிசோதனை அட்டை மனப்பாடம் ஆயிருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இந்தப் பேரு வந்திருக்குமா உனக்கு?"

"விசாரிச்சா ஒண்ணும் கிடைக்காது அக்கா. நான் நல்லவன்னு வெளியே வந்துருவேன். மறுபடி ஆடுவேன். கண்ணு தெரியாதவன்னு பேரு வந்தா எந்த கிளப்பு கூப்பிடும்?" அப்புறம் மெதுவாகக் கேட்டான். "கார்ல பார்த்ததை யாரு சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? குவாக் அண்ணனா?"

பொய் சொல்லியிருக்கலாம். சுலபமான பொய்தான்.

"நான்தான் சொன்னேன்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். ஐஸ் பையை மேஜையில் வைத்தான். இந்த முறை கவனமாக, தலையைத் திருப்பிப் பார்த்து வைத்தான்.

"அப்ப இதையும் போய்ச் சொல்லுவீங்களா?"

"நான் சொல்லக்கூடாது. நீ சொல்லணும். இடதுபக்கத்துல இருந்து ஒருத்தன் முட்ட வந்தா உனக்குத் தூரம் தெரியாது. மண்டை உடைஞ்சு செத்துப்போவ. இதை வச்சுக்கிட்டு உன்னை மைதானத்துல இறங்க விட்டா அது என் தப்பு. நீ சொல்லலேன்னா நானே சொல்லிருவேன். மூணு நாள் பார்ப்பேன்."

"நீங்க நல்லாப் பார்ப்பீங்க" என்றான். நொண்டியபடியே வெளியே போனான். மீன் கூடைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு நாள் அவன் கண்ணில் படவே இல்லை. மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டின்போது, எல்லாரும் உட்கார்ந்திருக்க, நடு மேஜைக்கு வந்து அந்தக் கறுப்புப் பையைத் தலைகீழாகக் கொட்டினான். மூன்று சின்ன டப்பிகள், ஒரு மருந்து பாட்டில், லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கிற விரல் நுனியளவு ரப்பர் உறிஞ்சி. "இதான் நான் வித்தது" என்று தொடங்கி, எனக்குச் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னான். 

முதலில் பேசியவர் குவாக். நான் எதிர்பார்த்தது மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்று. ஆனால் அவர் தலையைச் சாய்த்து, "ராணுவத்துக்குக் கூப்பிடுற வயசு நெருங்குதுல்ல?" என்றார்.

கிவானுக்குப் புரியவில்லை. "என்ன அண்ணே?"

"விசாரணை கழுத்தைப் புடிக்குது. பதினெட்டு மாசம் ராணுவம் வேற காத்திருக்கு. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து, கண்ணு. நல்ல மூளைதான். மாமாவே கண்ணாடிக் கடைக்காரர், கண்ணு சரியில்லன்னு சீட்டும் அவரே குடுத்துருவாரு."

எங்கள் நாட்டில் ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் ராணுவ சேவை கட்டாயம்; அதை ஏமாற்றினான் என்ற பேர், ஆட்டத்தை விற்றான் என்ற பேரைவிட மோசம். மேஜைகளில் தலைகள் அசைவதைப் பார்த்தேன்.  உண்மையைச் சொன்னால் முடிந்துவிடும் என்று நான்தானே அவனைத் தள்ளினேன்? உண்மையைச் சொன்னதும் அவன்மேல் இரண்டாவது சந்தேகம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கோச் யோம் கையை உயர்த்தினார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். குவாக், நீயே கூடப் போ. உன் கண்ணால பார்த்துட்டு வா."

குவாக் அப்படியே செய்தார். காலையில் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.  பரிசோதனை அறைக்குள்ளும் கூடவே நுழைந்தார். கருவிழியின் மேடுபள்ளத்தை நிறங்களில் காட்டும் திரையில் வலது கண் பச்சையும் நீலமுமாகச் சமமாகத் தெரிந்தது. இடது கண்ணில் கீழ்ப்பாதி முழுக்கச் சிவப்பாக ஒரு மேடு. "இதை நடிக்க முடியுமா டாக்டர்?" என்று குவாக் நேராகவே கேட்டிருக்கிறார். கருவிழி எப்படிங்க நடிக்கும் என்று டாக்டர் சிரித்தாராம். இன்னும் ஒரு வருஷம் இப்படியே விட்டால் கருவிழியையே மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னாராம்.

அன்று மாலை குவாக் என் அறைக்கு வந்து, "அக்கா, நீச்சல் கண்ணாடி இருக்கா? கொஞ்சம் வாசலினும் வேணும்" என்றார். கண்ணாடியின் இடதுபக்கத்தில் மட்டும் வாசலினைத் தடிமனாகப் பூசினார். மைதானத்தில் விளக்கைப் போடச் சொல்லி, கிவானை ஓரத்தில் நிற்க வைத்து, அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோல் முன்னால் போய் நின்றார். கோச் இடதுபுறத்திலிருந்து பதினைந்து பந்து தூக்கி அடித்தார். பதினாறு வருஷம் தொழில்முறையாக ஆடிய மனுஷன் மூன்று பந்தைத்தான் தொட்டார். ஒரு பந்து நேராக மூக்கில் வந்து விழுந்தது.

ரத்தத்தை ஜெர்ஸியில் துடைத்துக்கொண்டு கிவானிடம் நடந்து வந்தார்.

"இதோடயா லைட்டு வெளிச்சத்துல ஏழு மேட்ச் ஆடின?"

"ஆமாண்ணே."

"பைத்தியக்காரா" என்றார்.  கண்ணாடியைக் கழற்றிப் புல்லில் எறிந்துவிட்டு, அவன் பின்கழுத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டே நின்றார். கிவான் அழவில்லை. குவாக்தான் அழுதார். யாருக்காக அழுதார் என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது.

விசாரணைக் குழு கிவான்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று இரண்டு வரியில் எழுதி அனுப்பியது. உள்ளூர்ப் பத்திரிகையில் அது கடைசிப் பக்கத்தில் வந்தது. சந்தேகம் முதல் பக்கத்தில் வந்திருந்தது. துணி பிடித்தவர்கள் யாரும் அதைத் திருப்பி எழுதிப் பிடிக்கவில்லை. இணையத்தில் ராணுவக் கதை கொஞ்ச நாள் ஓடியது. இலையுதிர் காலத்தில் பரஸ்பர சம்மதம் என்ற பெயரில் கிளப் அவன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. கண் பரிசோதனையில் ஏமாற்றியது உண்மைதான், அதை மறுக்கவும் முடியாது. அவன் அம்மா பள்ளி வேனிலேயே வந்திருந்தாள். கண் விஷயம் அவளுக்கே ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரியுமாம். பெட்டியை ஏற்றும்போது அவள் என்னைப் பார்த்து மூன்று தரம் குனிந்து நன்றி சொன்னாள். நான் என்ன செய்தேன் என்று மகன் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நிற்பதற்கு நான் பட்ட பாடு, அந்த ஏழு மணி நேரத்தில்கூடப் படவில்லை.

குளிர்காலத்தில் தேகுவில் அவன் கண்ணுக்குச் சிகிச்சை நடந்தது. மருந்துச் சொட்டுகளை விட்டு ஒருவித ஒளியைப் பாய்ச்சிக் கருவிழியைக் கெட்டிப்படுத்துவது. போன பார்வை திரும்பி வராது. மேலும் போகாமல் நிற்கும். ராணுவ மறுபரிசோதனையில் அவனுக்கு நான்காம் தரம் கொடுத்தார்கள். முகாமுக்குப் பதிலாக ஒரு முதியோர் இல்லத்தில் சேவை. இருபத்தொரு மாதம் கிழவர்களைக் குளிப்பாட்டி, சக்கர நாற்காலி தள்ளினான். அப்படிச் சேவை செய்கிறவர்கள் சனி, ஞாயிறுகளில் நான்காம் பிரிவு லீக்கில் ஆடலாம். கேலரியில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஆட்டங்கள். அங்கேதான் மாமா செய்வித்துக் கொடுத்த பெரிய லென்ஸைப் பழகினான். கண்ணின் வெள்ளைப் பகுதிவரை மூடிக்கொள்கிறது, முட்டினாலும் விழாது. அங்கேதான் பந்து கிளம்புவதற்கு முன்பே தலையைத் திருப்பி இடதுபக்கம் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து வைத்துக்கொள்ளவும் பழகினான். இதெல்லாம் குவாக் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு அவர் மாதம் ஒருமுறை அந்த ஆட்டங்களைப் பார்க்கப் போவார். கேலரியின் நாற்பது பேரில் ஒருவர்.

இருபத்து நான்கு வயதில் தெற்கே ஒரு நகரத்தின் இரண்டாம் பிரிவு அணி அவனைச் சேர்த்துக்கொண்டது. இந்த முறை காகிதத்தில் எல்லாமே எழுதியிருந்தது: இடது கண், சிகிச்சை, லென்ஸ். அந்த வருஷம் ஜூலையில் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தான். மாலை ஏழு மணி ஆட்டம்.

உடல் பருத்திருந்தது, தாடை இறுகியிருந்தது. ஒவ்வொரு மூன்று நொடிக்கும் தலை இடப்பக்கம் திரும்பித் திரும்பி வந்தது. கேலரியில் சிலர், "டேய் கொசு, இன்னிக்கு எவ்வளவுக்கு?" என்று கத்தினார்கள். அவன் காதில் விழாத மாதிரி ஆடினான். எழுபதாவது நிமிஷத்தில் எங்கள் பெஞ்சுக்கு முன்னால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவர்கள் பிசியோ மறுகோடியிலிருந்து ஓடி வரவேண்டும். நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஓடிப்போய்ப் பாதத்தை மடக்கிப் பிடித்தேன். இன்னொரு கையால் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

அவன் வாங்கினான். மூடியைத் திருப்பி, சீல் உடைந்திருக்கிறதா என்று பார்த்தான். உடைந்திருந்தது, எங்கள் பையன் யாரோ ஒரு வாய் குடித்திருக்க வேண்டும். பாட்டிலை மெதுவாக என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"பரவாயில்ல பாங் மேடம். எங்க ஆளுங்க வந்துருவாங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். காலை மட்டும் என் கையிலிருந்து உருவிக்கொள்ளவில்லை. வலி விடும்வரை அப்படியே இருந்தான். அவர்கள் பிசியோ வந்து சேர்ந்ததும் எழுந்து, எனக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினான். அப்புறம் வந்த இரண்டு உயரமான கிராஸ்களையும், இரண்டுமே இடதுபுறத்திலிருந்து வந்தவை, தலையால் முட்டி மைதானத்துக்கு வெளியே அனுப்பினான். ஆட்டம் கோல் இல்லாமல் சமனில் முடிந்தது.

இப்போது அவனுக்கு இருபத்தாறு நடக்கிறது. போன சீசனில் முப்பத்தொரு ஆட்டம், அதில் பாதிக்குமேல் விளக்கு வெளிச்சத்தில். முதல் பிரிவுக் கிளப் ஒன்று அவனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறதாம். எப்படிப்பட்ட பையன் என்று கேட்டு அவர்கள் எனக்கும் ஃபோன் செய்தார்கள். எனக்குத் தெரிந்ததை, முதல் வாரத்திலிருந்து, என் பங்கையும் விடாமல் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மறுமுனையில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி மேடம், ஆளை நேர்ல வரச் சொல்றோம்" என்றார்.